கனெக்டட் கார்: டெலிவரி நாளில் உங்கள் பெயரில் ‘சம்மதம்’ தட்டுவது யார்?

ஷோரூமில் ஃப்ளோர் மேட்டுக்கும் மட் ஃபிளாப்புக்கும் அரை மணி நேரம் பேரம் நடக்கும். அது முடிந்ததும், “சார், ஃபோனைக் கொஞ்சம் குடுங்க, ஆப் போட்டுத் தந்துடறேன்” என்று விற்பனையாளர் கை நீட்டுவார். ஃபோன் கை மாறும். ஓடிபியை அவரே பார்த்து அடிப்பார், நான்கைந்து கட்டங்களில் டிக் போடுவார், “அவ்வளவுதான் சார்” என்று திருப்பித் தருவார். மொத்தம் மூன்று நிமிடம். கார் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு வேகத்தில் போனது, எந்த இடத்தில் சடாரென்று பிரேக் மிதிக்கப்பட்டது என்பதையெல்லாம் தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்ப ஒப்புதல் தரப்படுவது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

இங்கே மதிப்பிடப்போவது ஒரு காரை அல்ல, காரோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் இந்த இணையச் சேவையை. ஹூண்டாயில் ப்ளூலிங்க், கியாவில் கியா கனெக்ட், எம்ஜியில் ஐ-ஸ்மார்ட், டாடாவில் ஐரா, மஹிந்திராவில் அட்ரினாக்ஸ், மாருதியில் சுசூகி கனெக்ட், டொயோட்டாவில் ஐ-கனெக்ட். பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றே. 2019இல் வென்யூவும் ஹெக்டரும் வந்தபோது ‘இன்டர்நெட் கார்’ என்பதே விளம்பரமாக இருந்தது. இப்போது நடுத்தர விலை எஸ்யுவிகளில்கூட இது சாதாரணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவை நல்லது, அதை விற்கும் விதம் மோசம். கார் திருடு போனால் இருப்பிடம் தெரிவதும், விபத்தில் ஏர்பேக் வெடித்ததும் கால் சென்டருக்குத் தானாக அழைப்பு போவதும், கத்திரி வெயிலில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியைப் போட முடிவதும் உண்மையான வசதிகள். ஆனால் “எந்தக் கம்பெனி காரில் தகவல் பத்திரமாக இருக்கும்?” என்ற கேள்வியோடு ஷோரூம் படியேறினால் பதில் கிடைக்காது. ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் பிரித்துப் படித்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. 84 சதவீதம் தகவலை மற்றவர்களோடு பகிரலாம் என்று எழுதி வைத்திருந்தன, 76 சதவீதம் விற்கவும் செய்யலாம் என்றன. நிசானின் அமெரிக்கக் கொள்கையில் வாடிக்கையாளரின் பாலியல் நடவடிக்கை பற்றிய தகவலும் சேகரிப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அதை ஒரு கார் எப்படிச் சேகரிக்கும் என்பதை அந்த வரியை எழுதிய வக்கீல்தான் விளக்க வேண்டும்.

எல்லா ஓட்டுநர்களுக்கும் தங்கள் தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று சொன்னவை ரெனால்ட், டாசியா என்ற இரண்டு மட்டுமே. இரண்டும் ஒரே குழுமம், விற்பனை பெரும்பாலும் ஐரோப்பாவில், அங்கே சட்டம் கெடுபிடியானது. ஓரகடத்தில் தயாராகி நம் ஊரில் ஓடும் ரெனால்ட் காருக்கு அந்த ஐரோப்பியச் சட்டம் துணை வராது. ஆகவே பிராண்டை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. வேரியன்டிலும், டெலிவரி நாளன்று யார் விரல் எதைத் தட்டுகிறது என்பதிலும்தான் விஷயம் இருக்கிறது.

காரிலிருந்து எது வெளியே போகிறது

முதலில் டெலிமேட்டிக்ஸ் பெட்டி. டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய கட்டுப்பாட்டு யூனிட். உள்ளே ஜிபிஎஸ், 4ஜி மோடம், இ-சிம், பெரும்பாலும் சொந்தமாக ஒரு சிறிய பேக்கப் பேட்டரி. இந்த வகை சிம்முக்கு 13 இலக்க எண். உங்கள் ஃபோனின் டேட்டாவோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, வீட்டிலேயே ஃபோனை விட்டுவிட்டுப் போனாலும் இது தன் வேலையைச் செய்யும். இக்னிஷன் ஆன், ஆஃப், இருப்பிடம், வேகம், ஓடோமீட்டர், எரிபொருள் அல்லது சார்ஜ் அளவு, டயர் காற்று, கதவுப் பூட்டு, பழுதுக் குறியீடுகள், திடீர் பிரேக், திடீர் முடுக்கம் எல்லாம் இதன் வழியாகப் போகும். கார் நிற்கும்போதும் இது அரைத் தூக்கத்தில் சிக்னலுக்குக் காத்திருக்கும். நாள் கணக்கில் காரை எடுக்காவிட்டால் 12 வோல்ட் பேட்டரியைக் காப்பாற்ற முழுத் தூக்கத்துக்குப் போய்விடும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த காரை ஆப் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான், பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

இரண்டாவது, டச் ஸ்கிரீன். ப்ளூடூத் இணைத்ததும் “தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் பகிரலாமா?” என்று ஃபோன் கேட்கும். பழக்கத்தில் ‘ஆம்’ என்று தட்டினால் மொத்த ஃபோன் புத்தகமும் காரின் நினைவகத்தில் நகலாகிவிடும். ஃபோனைத் துண்டித்த பிறகும் பல யூனிட்டுகளில் அது அப்படியே கிடக்கும். நேவிகேஷனில் தேடிய முகவரிகள், ஹாட்ஸ்பாட் கடவுச்சொல் ஆகியவையும் அங்கேதான் தங்கும். வாடகைக் காரில் ப்ளூடூத் இணைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காரின் ‘ஜோடி சேர்த்த சாதனங்கள்’ பட்டியலைத் திறந்தால் முந்தைய பத்துப் பேரின் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே இரண்டும் வேறு கதை. அங்கே கார்த் திரை வெறும் கண்ணாடி போலத்தான், மேப்பும் தேடலும் ஃபோனுக்குள்ளேயே நடக்கின்றன. அந்தத் தகவல் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பதுதான், புதிதாகக் கார் கம்பெனிக்குப் போவது குறைவு. ஆகவே காரின் சொந்த நேவிகேஷனை விட்டுவிட்டு ஃபோன் மேப்பையே பயன்படுத்துவது ஒரு வாசலையாவது அடைக்கும். வால்வோவில் வருவது போல ‘கூகுள் பில்ட்-இன்’ உள்ள கார்கள் இந்தக் கணக்கில் சேராது. அங்கே காரிலேயே கூகுள் கணக்கில் நுழைகிறீர்கள்.

மூன்றாவது, ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட். மோதலின்போது அதற்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், சீட் பெல்ட் நிலை ஆகியவற்றை இது பதிந்து வைக்கும். அமெரிக்க விதிப்படி இதுவரை 5 விநாடி, அதை 20 விநாடியாக நீட்டும் விதி 2024 டிசம்பரில் வந்தது. இது எங்கேயும் தானாக அனுப்பாது, படிக்கத் தனிக் கருவி வேண்டும். இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, விபத்து வழக்கில் உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் சாட்சியாகவும் நிற்கும்.

கேமராக்களைப் பற்றிக் கீழே தனியாக.

எங்கே கிழிந்தது

இந்தச் சேவையின் மோசமான முகத்தைப் பார்க்க ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் போதும். அமெரிக்காவில் அதன் ஆன்ஸ்டார் சேவைக்குள் ‘ஸ்மார்ட் டிரைவர்’ என்று ஒரு அம்சம், நன்றாக ஓட்டினால் மதிப்பெண் தருவதாக விளம்பரம். அதில் சேர்ந்தவர்களின் ஓட்டும் பழக்கம் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற இரண்டு தரவு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனது 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் வெளியானது. ஷெவர்லே போல்ட் ஓட்டிய ஒருவருக்குப் பிரீமியம் 21 சதவீதம் ஏறியிருந்தது. லெக்சிஸ்நெக்சிஸிடம் தன் அறிக்கையைக் கேட்டு வாங்கினார். 130 பக்கத்துக்கு மேல், ஆறு மாதத்தில் 640 பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், எத்தனை முறை கடுமையாக பிரேக் பிடித்தார் என்ற கணக்கு. செய்தி வந்த சில நாள்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பகிர்வதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையில், சில வாகனங்களின் துல்லிய இருப்பிடம் 3 விநாடிக்கு ஒரு முறை எடுக்கப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டது. அத்தகைய தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்குத் தர ஐந்தாண்டுத் தடையும் விதிக்கப்பட்டது.

இதில் நமக்கான பாடம் விற்பனை மேசையில் இருக்கிறது. தாங்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே தெரியாது என்று பலர் சொன்னார்கள். கார் வாங்கிய அன்று டீலர்ஷிப்பிலேயே பதிவு நடந்து முடிந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இலேயே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது, ஆனால் “ஃபோனைக் குடுங்க சார்” பழக்கம் நிற்கவில்லை.

வேண்டுமென்றே விற்பது ஒரு பக்கம் என்றால் கவனக்குறைவு இன்னொரு பக்கம். டொயோட்டாவின் கிளவுட் அமைப்பில் ஒரு தவறான செட்டிங்கால் ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகன இருப்பிடம் 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை திறந்தே கிடந்தது. கிட்டத்தட்டப் பத்தாண்டு யாரும் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் பிரிவான காரியாட் மாட்டியது. ஏறத்தாழ 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் அமேசான் கிளவுடில் பாதுகாப்பின்றி இருந்தது. அதில் 4.6 லட்சம் கார்களுக்கு யார் எங்கே போய் நின்றார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் அளவுக்குத் துல்லியம்.

கியாவின் கதை இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் நம்பர் பிளேட் எண் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், அரை நிமிடத்தில் காரைக் கண்டுபிடித்து, கதவு திறந்து, இன்ஜினையும் உயிர்ப்பிக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். ஓட்டை இருந்தது காரில் அல்ல, டீலர்கள் பயன்படுத்தும் இணையதளத்தில். கம்பெனி அதைச் சரி செய்த பிறகுதான் விவரம் வெளியானது. அடுத்த சில மாதங்களில் சுபாருவில் ஊழியர்களுக்கான இணையப்பக்கம் வழியாக ஒரு வருட இருப்பிட வரலாறு கிடைத்தது. என்கிரிப்ஷன் போட்டிருக்கிறோம் என்று பிரோஷரில் எழுதுவது காருக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள பாதைக்குத்தான் உத்தரவாதம். சர்வருக்குப் பின்னால் எத்தனை ஊழியர்கள், எத்தனை டீலர் லாகின்கள் என்பதைப் பற்றி அந்த வரி பேசுவதில்லை.

வேரியன்ட் தேர்வில் பாதி முடிந்துவிடும்

ஒரே மாடலின் கீழ், நடு வேரியன்ட்களில் பெரும்பாலும் டெலிமேட்டிக்ஸ் பெட்டியே இருக்காது. மேல் வேரியன்டில் சன்ரூஃப், வென்டிலேட்டட் சீட்டோடு அதுவும் கூடவே வரும், தனியாகக் கழற்றி வாங்க முடியாது. டெஸ்ட் டிரைவ் காரிலேயே இதைச் சோதிக்கலாம். கூரையில் கேபின் விளக்கு அருகிலோ உள் கண்ணாடியிலோ அவசர அழைப்புக்கான எஸ்ஓஎஸ் பொத்தான் இருந்தால் பெட்டி இருக்கிறது. கூரைமேல் சுறா துடுப்பு ஆன்டெனா இருப்பது சான்றாகாது, வெறும் ரேடியோவாகவும் இருக்கலாம். திரையில் செட்டிங்ஸ் போய் ‘சிஸ்டம் தகவல்’ அல்லது ‘மோடம் தகவல்’ பக்கம் திறந்து சிம் எண்ணோ ஐஎம்இஐ எண்ணோ காட்டுகிறதா பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு வருவது பெரும்பாலும் டாப் மாடல் என்பதால், நீங்கள் புக் செய்யும் வேரியன்டின் பிரோஷர் வரியை ஒரு முறை ஒத்துப் பார்ப்பது நல்லது.

வயர்லெஸ் கார்பிளேயும் ரிவர்ஸ் கேமராவும் போதும், ரிமோட் ஏசி வேண்டாம் என்பவருக்கு நடு வேரியன்ட் பணத்தையும் மிச்சப்படுத்தும், தலைவலியையும் குறைக்கும். மின்சாரக் காரில் இந்த வாய்ப்பு சுருங்கிவிடும். சார்ஜ் நிலை, பேட்டரி சூடு, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாவற்றுக்கும் இணைப்பு வேண்டியிருப்பதால் தொடக்க வேரியன்டிலும் இ-சிம் இருப்பது வழக்கம். டெஸ்லா தன் தனியுரிமை அறிவிப்பிலேயே இணைப்பை முழுவதுமாகத் துண்டித்தால் வசதிகள் குறையலாம், கார் சேதமடையலாம், இயங்காமலும் போகலாம் என்று எச்சரிக்கிறது. அதாவது ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமை உண்டு, சொல்லிவிட்டால் காரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: இலவசக் காலம் எத்தனை ஆண்டு, முடிந்த பிறகு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் ஆப் மட்டும் நிற்குமா, கார் அனுப்புவதும் நிற்குமா? இருப்பிடத்தை மறைக்கும் ‘பிரைவசி மோட்’ திரையில் உண்டா? பதிவே செய்யாமல் டெலிவரி எடுக்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ஷோரூமில் நேரடிப் பதில் வராது, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும், பிறகு அனுப்பினால் மெதுவாக வரும். வியாபாரத்தின் இயல்பு அது.

பிஎம்டபிள்யூ போன்ற ஜெர்மன் சொகுசுக் கார்களில் திரையிலேயே தகவல் பகிர்வை வகைவாரியாக ஆன், ஆஃப் செய்யும் பக்கம் இருக்கிறது. நம் ஊர் விலைப் பிரிவுகளிலும் இது வந்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்கு அரிது.

டெலிவரி நாள்

ஃபோனைக் கொடுக்காதீர்கள். “நானே போட்டுக்கறேன், நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். முந்தின இரவே ஆப்பை இறக்கி வைத்து, காருக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரியும் உருவாக்கிக்கொள்ளலாம். பதிவில் வரும் சம்மதங்கள் பொதுவாக இரண்டு வகை. சேவை நடக்கக் கட்டாயமானவை, விளம்பரத்துக்கும் கூட்டு நிறுவனங்களுக்குமானவை. ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்ற பெரிய பொத்தானுக்குக் கீழே சிறிய அம்புக்குறியைத் தட்டினால் இவை பிரிந்து தெரியும். இரண்டாவது வகையை விட்டுவிட்டாலும் பதிவு முடியும். முடியவில்லை என்றால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் புகாருக்கு உதவும்.

ஆப் கேட்கும் அனுமதிகளில் ப்ளூடூத் என்னும் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ தேவை, டிஜிட்டல் சாவிக்கு அது வேண்டும். அறிவிப்புகளும் தேவை, கதவு பூட்டாமல் விட்டால் சொல்லும். இருப்பிடத்தை ‘ஆப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வையுங்கள். தொடர்புகள், மைக், படத்தொகுப்பு மூன்றுக்கும் மறுப்பு. ரிமோட் கட்டளைகளுக்கான பின் எண்ணை விற்பனையாளர் 1234 என்று வைத்துத் தந்திருந்தால், வீடு வருவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

முதன்மைக் கணக்கு யார் எண்ணில் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். இதுபற்றி வெளியே பேச்சு குறைவு, ஆனால் கம்பெனி சர்வரைவிட அதிகமான கண்காணிப்பு வீட்டுக்குள்தான் நடக்கிறது. முதன்மைக் கணக்கு வைத்திருப்பவர் கார் எங்கே நிற்கிறது என்று எந்த நிமிடமும் பார்க்கலாம், எல்லை போட்டு அதைத் தாண்டினால் அறிவிப்பு வாங்கலாம், வேக வரம்பு மீறினால் அறியலாம். காரை அன்றாடம் ஓட்டுவது மனைவி, ஆப் இருப்பது கணவர் ஃபோனில் என்றால், ஓட்டுபவருக்குத் தெரியாமலே இத்தனையும் ஓடும். ஓட்டுபவர் பெயரிலேயே முதன்மைக் கணக்கு இருப்பதுதான் முறை. வேலைக்கு வைத்திருக்கும் டிரைவருக்கு அழைப்பு அனுப்பி இரண்டாம் பயனராகச் சேர்த்திருந்தால், அவர் நின்ற அன்றே நீக்க வேண்டும். வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்குகிறோம், ஆப்பிலிருக்கும் சாவியை மறந்துவிடுகிறோம்.

கேமரா

முன் கண்ணாடியில் இருக்கும் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) கேமரா பெரும்பாலும் கோடுகளையும் வாகனங்களையும் அந்த நொடியில் கணக்கிட்டுவிட்டு மறந்துவிடும். கம்பெனி பொருத்திய டேஷ்கேம் மெமரி கார்டில் பதியும், அந்தக் கார்டு உங்கள் கையில். ஆப் மூலம் வீட்டிலிருந்தே சுற்றுக் கேமராவைப் பார்க்கும் வசதியில்தான் படம் காரை விட்டு வெளியே போகிறது. டெஸ்லா ஊழியர்கள் 2019க்கும் 2022க்கும் இடையே வாடிக்கையாளர் கார்களின் கேமராப் படங்களைத் தங்களுக்குள் அலுவலக அரட்டையில் பகிர்ந்து சிரித்ததை ராய்ட்டர்ஸ் 2023 ஏப்ரலில் வெளியிட்டது. சில படங்கள் வீட்டு கராஜுக்குள் எடுக்கப்பட்டவை.

ஓட்டுநரைப் பார்க்கும் கேமரா இப்போது இங்கேயும் வந்துவிட்டது. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களின் உயர் பேக்குகளில் தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்க ஒன்று உண்டு, அதையே வீடியோ காலுக்கும் பயன்படுத்தலாம். தூக்கத்தைக் கண்டுபிடிப்பது உயிர் காக்கும் விஷயம், அதை அணைக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. வீடியோ காலுக்கும் செல்ஃபிக்கும் தனி அனுமதி கேட்டால் அதை மட்டும் மறுக்கலாம். லென்ஸில் ஸ்டிக்கர் ஒட்டினால் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஃபியூஸைப் பிடுங்கலாமா?

இணைப்பைத் துண்டிக்க ஃபியூஸைப் பிடுங்குவது வீடியோக்களில் அடிக்கடி வரும் யோசனை. பரிந்துரைக்க முடியாது. டெலிமேட்டிக்ஸ் பெட்டியின் ஃபியூஸ் பல கார்களில் தனியாக இருக்காது, மைக், ஸ்பீக்கர், எஸ்ஓஎஸ் எல்லாம் அதே வயரில் தொங்கும். அமெரிக்காவில் சில டொயோட்டா மாடல்களில் அந்த ஃபியூஸை எடுத்தவர்களுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ மைக்கும் ஒரு முன் ஸ்பீக்கரும் செத்துப்போயின. விபத்தின்போது தானாகப் போகும் அழைப்பும் போகாது. கட்டுப்பாட்டு யூனிட்டில் பழுதுக் குறியீடு பதியும், வாரண்டி கோரும்போது சர்வீஸ் சென்டர் அதைத்தான் முதலில் காட்டும். ஆன்டெனா வயரைக் கழற்றினால் பெட்டி சிக்னல் தேடித் தேடி 12 வோல்ட் பேட்டரியைத் தின்னும். முறையான வழி, சேவையை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கேட்பதுதான்.

இன்சூரன்ஸ்

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இரண்டு வகை கூடுதல் காப்பீட்டுக்கு அனுமதி தந்தது. ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டுவது ஒன்று, ஓட்டும் விதத்துக்கு ஏற்பக் கட்டுவது மற்றொன்று. பெயர் ஒன்று போலத் தோன்றினாலும் வித்தியாசம் பெரிது. முதல் வகையில் ஓடோமீட்டர் கணக்கை வைத்தே திட்டம் நடத்த முடியும், இருப்பிடம் தேவையில்லை. இரண்டாவதற்கு ஃபோன் ஆப்போ, ஓபிடி துளையில் (பழுதைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்) செருகும் கருவியோ வேண்டும். பிரேக், வேகம், நேரம் எல்லாம் போகும். குறைவாக ஓட்டுபவருக்கு முதல் வகை நல்ல பேரம். இரண்டாவதில் கிடைக்கும் தள்ளுபடி சென்னை, கோவை டிராஃபிக்கில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது சந்தேகம். இங்கே ஆட்டோ குறுக்கே வந்தாலும் அது உங்கள் கணக்கில் ‘கடும் பிரேக்’தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அப்போது சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதில் தமிழும் உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும். யார் யாரோடு தகவல் பகிரப்பட்டது என்று கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அரசுக்கு விதிவிலக்குகள் தாராளம்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் கம்பெனி இணையதளத்தில் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் தேடுங்கள். கடிதத்தில் சேஸிஸ் எண், பதிவு செய்த ஃபோன் எண், எந்தச் சம்மதம் ரத்து, எந்த நாளிலிருந்து என்ற நான்கும் இருந்தால் திருப்பிக் கேள்வி கேட்டு இழுத்தடிக்க முடியாது.

ஸ்மார்ட் இல்லாத பழைய கார் வைத்திருந்தால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்களைக் கட்டணத்துக்கு மொத்தமாகத் தரும் கொள்கையை மத்தியப் போக்குவரத்து அமைச்சகமே 2019இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 87 தனியார் நிறுவனங்களுக்கு அணுகல், வருமானம் 65 கோடி ரூபாய். தனியுரிமைக் கவலையால் 2020 ஜூனில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. ஃபாஸ்டேக் வேறு. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியும் தேதி நேரத்தோடு பதிவாகி, டேக்கில் இருக்கும் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. அந்த எண் யாருடையது என்று பாருங்கள். டீலர் ஒட்டித் தந்த டேக்கில் சில நேரம் அது உங்கள் எண்ணாக இருக்காது.

விற்கும்போதும் பழைய கார் வாங்கும்போதும்

உரிமை மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 கையெழுத்து போட்டு ஆர்சி மாறிவிட்டாலும் ஆப் கணக்கு தானாக மாறாது. பழைய உரிமையாளர் ஃபோனில் கார் அப்படியே இருக்கும், புது உரிமையாளர் வீட்டு வாசலை அவர் வரைபடத்தில் பார்ப்பார். விற்பவர் முதலில் ஆப்பில் வாகனத்தை நீக்க வேண்டும், அதன் பிறகுதான் திரையில் ஃபேக்டரி ரீசெட். வரிசை மாறினால் சில மாடல்களில் திரை மட்டும் சுத்தமாகி, சர்வரில் பழைய இணைப்பு அப்படியே நிற்கும். பிறகு தன் ஃபோனின் ப்ளூடூத் பட்டியலிலும் காரை அழித்து, பகிர்ந்த டிஜிட்டல் சாவிகளை ரத்து செய்து, ஃபாஸ்டேக்கை மூடி, வைப்புத்தொகையைக் கேட்டு வாங்கலாம்.

வாங்குபவர் பணம் முழுவதும் தருவதற்கு முன், காருக்குள் உட்கார்ந்து தன் ஃபோனில் ஆப் போட்டு சேஸிஸ் எண்ணைப் பதிந்து பார்க்கட்டும். ‘ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது’ என்று வந்தால் விற்பவர் பக்கத்திலேயே இருக்கிறார், அங்கேயே நீக்கச் சொல்லலாம். கைமாறிய பிறகு என்றால் ஆர்சி நகலும் அடையாள அட்டையும் வைத்துக் கம்பெனிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். ஆக்சஸரி கடையில் யாராவது ஓபிடி துளையிலோ டேஷ்போர்டுக்கு அடியிலோ ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள சாக்கெட், அதில் எதுவும் செருகியிருக்கக் கூடாது. ஃபைனான்ஸ் பாக்கி இருந்த காராக இருந்தால், கடன் கொடுத்தவர் கருவி வைத்திருக்கலாம் என்பதால் இருக்கைக்கு அடியிலும் ஒரு பார்வை தேவை. டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டைக் கழற்றி விற்பவரிடமே கொடுத்துவிட்டுப் புதிது போட்டுக்கொள்வது மரியாதை.